நடவாத ஆட்டங்களும் நடந்த வரலாறும்

‘அவ்வாறு நடந்திருந்தால்’ என்னும் வினாவுக்கு வரலாற்றில் இடமில்லை என்பர் அறிஞர். வகுப்பறையிலே நாமும் மாணவர்க்கு அங்ஙனமே கூறிவருகின்றோம். ஆயினும் மனித மனம் அவ்வினாவை விட்டபாடில்லை. 1619இல் சங்கிலி மன்னன் போர்த்துக்கேயரிடம் தோற்றிராவிடின் யாழ்ப்பாணம் எவ்வாறு இருந்திருக்கும்? 1921இல் பாரதி மறைந்திராவிடின் தமிழ்க் கவிதை எவ்வழிச் சென்றிருக்கும்? இவ்வினாக்களுக்கு விடையில்லை என்பதை அறிந்துகொண்டே நாம் அவற்றை எழுப்புகின்றோம். நடந்ததன் மீது மனநிறைவு கொள்ளாத மனமே நடவாததை நினைக்கிறது. எனவே இவ்வினாவை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுதல் இயலாது. அது எதனை மாற்ற விரும்புகிறது, எதனை மாற்றாது விட்டுவிடுகிறது என்று ஆராய்தலே விமரிசகனின் கடமையாகும்.

இவ்வினாவையே அடிப்படையாகக் கொண்ட விளையாட்டு வகையொன்று ஐக்கிய அமெரிக்காவிலே வேரூன்றியுள்ளது. அதன் மிக எளிய வடிவத்தை எம் மாணவர் யாவரும் அறிவர். பாடநூலைக் கண்ணை மூடித் திறந்து, பக்க எண்ணின் இறுதி இலக்கத்தை ஓட்டமாகக் கொண்டு, பூச்சியம் வந்தால் ஆட்டமிழந்ததாக எழுதிக்கொள்ளும் புத்தகக் கிரிக்கெற்றையே குறிப்பிடுகின்றோம். கடைசி வாங்கிலே இருந்துகொண்டு டொன் பிரட்மனுக்கு முரளிதரனைப் பந்துவீச வைக்கும் மாணவன், தான் அறியாமலே வரலாற்றைக் கலைத்து அடுக்குகிறான். அமெரிக்கர் இதனையே ‘பேஸ்போல்’ என்னும் தமது தேசிய விளையாட்டைக் கொண்டு பெருங்கலையாக வளர்த்துள்ளனர். எமது பாடசாலைகளில் ஆடப்படும் எல்லே ஆட்டத்தை அறிந்தோர்க்குப் பேஸ்போலை விளங்கிக்கொள்ளுதல் கடினமன்று. வீசப்படும் பந்தை ஒருவன் அடித்துவிட்டு, குறித்த தளங்களை ஓடிச் சுற்றிவருதலே இரண்டிற்கும் பொதுவான அடிப்படை.

1961இல் ஹல் ரிச்மன் என்பார் வெளியிட்ட ‘ஸ்ட்ராட்-ஓ-மற்றிக்’ என்னும் பலகை விளையாட்டில் ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் ஓர் அட்டை உண்டு. உண்மை வாழ்வில் அவன் நிகழ்த்தியவற்றின் விகிதாசாரம் அந்த அட்டையிலே நிரல்நிரலாக அச்சிடப்பட்டிருக்கும். மூன்று பகடைகளை உருட்டினால் ஒன்று எந்த நிரலைப் பார்க்கவேண்டும் என்பதையும், மற்றைய இரண்டின் கூட்டுத்தொகை எந்த வரியைப் பார்க்கவேண்டும் என்பதையும் காட்டும். தொண்ணூறுகளின் இறுதியிலே தோன்றிய ‘அவுட் ஒவ் த பார்க்’ போன்ற கணினி விளையாட்டுக்கள் இம்முறையை மிக விரிவாக்கின. விரும்பிய பழைய ஆண்டொன்றில் தொடங்கி, அக்கால ஆட்டக்காரரைக் கொண்டே பல பத்தாண்டுகளை ஆடிமுடிக்க அவை இடமளிக்கின்றன. அங்கே வரலாறு தன் பழைய வழியே செல்வதில்லை. புகழ்பெற்றவன் இருபத்திரண்டு வயதில் முழங்கால் முறிந்து மறைந்துபோகிறான்; எவரும் அறியாத ஒருவன் பெருவீரனாகிறான்; ஓர் அணியோடு பிறந்தவன்போல் வாழ்ந்தவன் பிறிதோர் அணியிலே முதுமை எய்துகிறான். இம்மாற்று வாழ்வுகளை ஆண்டுவாரியாக எழுதி, ஒருவருக்கொருவர் காட்டி மகிழ்வோர் அங்கே பல்லாயிரவர்.

இலக்கியத் திங்களேடு ஒன்றில் இதனை ஆராய்வானேன் என்று வாசகர் வினவக்கூடும். இவ்விளையாட்டுக்கள் கதை சொல்லும் ஒரு முறை என்பதே எமது விடை. இதனை அமெரிக்க நாவலாசிரியர் ரொபேட் கூவர் முன்னரே உணர்ந்திருந்தார். 1968இல் வெளியான அவரது நாவலிலே ஹென்றி வோ என்னும் கணக்கெழுத்தாளன், தன் அறையிலே தனித்திருந்து பகடை உருட்டி, ஒரு பேஸ்போல் உலகத்தையே படைத்து வாழ்கிறான். அவன் மிக நேசித்த இளம் ஆட்டக்காரனைப் பகடையின் ஓர் எண் கொன்றுவிடுகிறது. அம்மரணத்தைப் பொறுக்கமாட்டாது ஈற்றில் அவன் பகடையைத் தானே திருப்பிவைக்கிறான். தற்செயல் தந்த துயரைத் தாங்கமாட்டாத மனிதன், தற்செயலின் சட்டத்தையே மீறுகிறான். இவ்வகை விளையாட்டு முழுவதற்கும் அடிநாதமான உணர்வு இதுவே. இழப்பைச் சரிசெய்ய வேண்டும் என்னும் வேட்கையே இங்கு பகடையை உருட்டுகிறது.

ஆயின் எந்த இழப்பை? இவ்விடத்திலேதான் நாம் நுணுகி நோக்குதல் வேண்டும். மாற்று வாழ்வு அளிக்கப்படும் புகழ்பெற்ற ஆட்டக்காரரை நாம் நான்கு வகையினராகப் பிரிக்கலாம்.

முதலாவது வகையினர் நோயாலும் விபத்தாலும் வீழ்ந்தோர். நியூயோர்க் அணியின் லூ கெரிக் நரம்புநோய்க்கு ஆளாகி 1939இல் ஆட்டத்தை நிறுத்தி, 1941இல் மறைந்தார். புவேட்டோ ரிக்கோவைச் சேர்ந்த ரொபேட்டோ கிளெமென்ரே சரியாக 3,000 அடிகளைப் பெற்றிருந்த நிலையில், 1972 டிசெம்பர் 31ஆம் திகதி, நிலநடுக்கத்தால் அழிந்த நிக்கராகுவா மக்களுக்கு உதவிப்பொருள் கொண்டுசென்ற விமானம் வீழ்ந்து உயிரிழந்தார். இரண்டாம் வகையினர் போரால் ஆண்டுகளை இழந்தோர். ரெட் வில்லியம்ஸ் 1943, 1944, 1945 ஆகிய மூன்று ஆண்டுகளை உலகப்போருக்கும், 1952, 1953 ஆகிய ஆண்டுகளின் பெரும்பகுதியைக் கொரியப் போருக்கும் கொடுத்தார். 521 முழுச்சுற்று அடிகளோடு முடிந்த அவரது வாழ்வு, அந்த ஆண்டுகளும் கிடைத்திருந்தால் பேப் ரூத்தின் 714ஐ எட்டியிருக்குமா என்பது இவ்விளையாட்டினரிடையே ஓயாத விவாதம். மூன்றாம் வகையினர் விலக்கப்பட்டோர். பஞ்சாலைத் தொழிலாளியின் பிள்ளையாய்ச் சிறுவயதிலேயே ஆலைக்குள் நுழைந்து, எழுத்தறிவு பெறாமலே வளர்ந்த ‘சப்பாத்தில்லாத’ ஜோ ஜக்சன், 1919ஆம் ஆண்டு இறுதிப் போட்டிகளின் சூதாட்டக் குற்றச்சாட்டிலே அகப்பட்டார். 1921இல் நீதிமன்றத்தின் யூரிமார் அவரை விடுவித்த பின்னரும், பேஸ்போல் ஆணையாளர் அவரை வாழ்நாள் முழுவதற்கும் விலக்கினார். அவர் இறந்து 73 ஆண்டுகளின் பின்னர், 2025 மே மாதத்திலேதான் அவரது பெயர் விலக்கப்பட்டோர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

நான்காம் வகையினர் விலக்கப்படுவதற்கு முதலில் உள்ளேயே விடப்படாதவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி தொடக்கம் 1947 வரை அமெரிக்கப் பெருங்கழகங்களிலே கறுப்பு மனிதன் ஆடமுடியாது. இதற்கு எழுதப்பட்ட சட்டம் எதுவுமில்லை. முதலாளிமாரிடையே நிலவிய எழுதாத உடன்பாடே போதுமானதாயிற்று. அந்நாளில் ‘நீக்ரோ லீக்’ எனப்பட்ட தனிக் கழகங்களிலே ஆடிய ஜோஷ் கிப்சன், பந்தை அடிப்பதில் ஒப்பாரில்லாதவர் எனக் கண்டோரால் போற்றப்பட்டார். அவர் 1947 ஜனவரி 20ஆம் திகதி தமது 35ஆம் வயதில் மறைந்தார். மூன்று மாதங்கள் நிறைவுறுமுன், ஏப்ரில் 15ஆம் திகதி, ஜக்கி ரொபின்சன் பெருங்கழக மைதானத்தில் கால்வைத்தார். சற்சல் பேய்ஜ் என்னும் பெரும் பந்துவீச்சாளர் 1948இல் உள்ளே அனுமதிக்கப்பட்டபோது அவருக்கு 42 வயது. மற்றையோர் ஓய்வுபெற்றிருக்கும் வயதிலே அவர் ‘புதுமுகம்’ எனப் பதிவுசெய்யப்பட்டார்.

இந்நான்கு வகையினரையும் விளையாட்டு எவ்வாறு நடத்துகிறது? யாவரையும் ஒரே வகையாகவே நடத்துகிறது. கெரிக்கின் நோய், வில்லியம்ஸின் போர், ஜக்சனின் விலக்கு, கிப்சனின் நிறம் ஆகிய யாவும் அதன் கண்ணுக்கு ‘ஆடப்படாத ஆண்டுகள்’ என்னும் ஒரே வெற்றிடமாகவே தோன்றுகின்றன. அவ்வெற்றிடத்தை எண்களால் நிரப்பிவிட்டு அது நீதி வழங்கிவிட்டதாக எண்ணுகிறது. எமது எதிர்ப்பு இங்கேதான் தொடங்குகிறது. நோய் தற்செயல். நிறத்தடை தற்செயலன்று, அது சிலரது நலனுக்காகச் சிலரால் ஆக்கப்பட்டு, நாள்தோறும் காக்கப்பட்ட ஓர் ஏற்பாடு. இரண்டையும் ஒரே பகடையால் உருட்டும்போது, மனிதர் செய்த கொடுமை இயற்கையின் விளையாட்டாகிவிடுகிறது.

தமிழ் வாசகனுக்கு இந்த மயக்கம் புதியதன்று. ஊழ் என்னும் கருத்து எமது இலக்கியத்திலே நெடுங்காலம் ஆட்சி செய்தது. மனிதரின் அறியாமையாலும் அதிகாரத்தின் அவசரத்தாலும் விளைந்த துன்பத்தை முற்பிறப்பின் கணக்கிலே எழுதிவைத்தபோது, துன்பத்துக்குப் பொறுப்பாளி இவ்வுலகில் இல்லாமற் போனான். பகடை இன்றைய ஊழ். முற்பிறப்புக்குப் பதிலாக நிகழ்தகவு வந்துள்ளது. ‘அவனுக்கு வாய்ப்பில்லை’ என்று சொல்லும்போது நாம் எதனைச் சொல்லுகின்றோம்? வாய்ப்பு மழைபோல் வானிலிருந்து வருவதா, மனிதன் மனிதனுக்குக் கொடுப்பதும் மறுப்பதுமா? இவ்வினாவுக்கு விடைகூறாமலே கிப்சனுக்கு எழுநூறு அடிகளை வழங்கிவிடுவது, கடனைத் தீர்க்காமலே கணக்குப் புத்தகத்தை மூடுவதை ஒக்கும்.

அன்றியும், கணினியில் 1930ஆம் ஆண்டிலே பெருங்கழகத்தில் நுழையும் கிப்சனுக்கு எந்த விடுதியும் அறை மறுப்பதில்லை. எந்த உணவுச்சாலையும் அவரைப் பின்வாசலுக்கு அனுப்புவதில்லை. பார்வையாளர் வசைபாடுவதில்லை. உண்மையில் உள்ளே நுழைந்த ரொபின்சன் இவை அனைத்தையும் தாங்கிக்கொண்டே ஆடினார். அவர் அடித்த ஒவ்வோர் அடியும் அந்தச் சுமையோடு அடித்த அடி. சுமையை நீக்கிவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளும் கற்பனை, மனிதனை அல்ல, அவனது சராசரியையே விடுதலை செய்கிறது. கிளெமென்ரேயின் நிலையும் இத்தகையதே. விளையாட்டிலே அவர் அந்த விமானத்தில் ஏறுவதில்லை. நான்காயிரம் அடிகள்கூடப் பெற்றுவிடலாம். ஆனால் பிறர் துயருக்காகத் தமது புதுவருட இரவை விட்டுச் சென்ற மனிதனை அந்த நான்காயிரத்துக்குள் தேடிப் பயனில்லை.

இன்னொன்றையும் மனங்கொள்ளல் வேண்டும். இவ்விளையாட்டுக்களை ஆடுபவன் பெரும்பாலும் எவ்விடத்தில் இருக்கிறான்? ஆட்டக்காரனின் இடத்தில் அன்று. அணியை நடத்தும் முகாமையாளனின், உரிமையாளனின் கதிரையில். அவன் ஆட்களை வாங்குகிறான், விற்கிறான், மாற்றிக்கொள்கிறான், வயதானவனைக் கழித்துவிடுகிறான். மனிதர் அவன் முன்னே எண்களாகவே வருகின்றனர். வரலாற்றில் இதற்கு எதிராக ஒருவர் எழுந்து நின்றார். சென் லூயிஸ் அணியின் கேர்ட் பிளட் என்னும் கறுப்பின ஆட்டக்காரரை 1969இல் அவரைக் கேளாமலே பிலடெல்பியா அணிக்கு மாற்றினர். தாம் வாங்கி விற்கப்படும் பண்டமல்லர் என்று கூறி அவர் செல்ல மறுத்தார். 1972இல் உச்சநீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்னும் பெரும்பான்மையால் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவரது ஆட்டவாழ்வு அதனால் அழிந்தது. ஆயின் 1975இல் நடுத்தீர்ப்பொன்றின் வாயிலாக ஆட்டக்காரர் தம் தொழிலிடத்தைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை பிறந்தபோது, அதற்கு நிலம் பண்படுத்தியவர் அவரே என்பதை யாவரும் ஒப்புக்கொண்டனர்.

கணினியில் பிளட்டை மாற்றினால் அவர் மறுப்பதில்லை. மறு ஆண்டே பிலடெல்பியாவில் ஆடி, நல்ல சராசரியும் பெறுவார். அவரது மாற்று வாழ்வு உண்மை வாழ்விலும் நீண்டதாகவும் வளமானதாகவும் அமையலாம். ஆனால் அவ்வாழ்விலே அவர் செய்த ஒரே பெருஞ்செயலுக்கு இடமில்லை. பாஞ்சாலி சபதத்தைப் பாடமாகக் கற்பிக்கும் எமக்கு இக்காட்சி அந்நியமாகத் தோன்றவில்லை. தருமன் நாட்டையும் தம்பியரையும் ஈற்றில் மனைவியையும் பகடையில் வைத்தபோது, வைக்கப்பட்டோரை எவரும் கேட்கவில்லை. பாரதி அச்சூதிலே கண்ட பெருங்குற்றம் தோல்வியன்று. உயிருள்ளோரைப் பணயப் பொருளாக்கியமையே. அச்சபையில் எழுந்து வினவிய பாஞ்சாலியின் இடத்திலேயே பிளட்டும் நின்றார். பகடையின் விதிகள் அவ்வினாவுக்கு இடம்கொடுப்பதில்லை.

இவ்வளவும் கூறியமையால் இவ்விளையாட்டை நாம் முற்றாக நிராகரிப்பதாக எவரும் கொள்ளலாகாது. அதன் பக்கம் ஒரு பெரும் நியாயம் உண்டு. ஸ்ட்ராட்-ஓ-மற்றிக் நிறுவனம் 2009இலேயே கறுப்பினக் கழகங்களின் பெருவீரர்க்கு அட்டைகள் வெளியிட்டது. கிப்சனும் பேய்ஜும் வெள்ளையின வீரரோடு ஒரே மேசையிலே, ஒரே பகடையின் கீழ் ஆடினர். அமெரிக்கப் பெருங்கழக நிருவாகமோ, 1920 முதல் 1948 வரையிலான ஏழு கறுப்பினக் கழகங்கள் ‘பெருங்கழகத் தரத்தின’ என 2020 டிசெம்பரிலேதான் அறிவித்தது. 2,300க்கு மேற்பட்ட அந்த ஆட்டக்காரரின் எண்கள் 2024 மே மாதத்திலேதான் பொதுப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டன. அன்று கிப்சன் 0.372 என்னும் வாழ்நாட் சராசரியோடு, அதாவது ஆயிரம் முறைக்கு 372 அடிகள் என்னும் கணக்கோடு, பல பத்தாண்டுகள் முதலிடத்தில் இருந்த ரை கொப்பின் 0.367ஐ முந்தி முதலிடம் பெற்றார். அவர் இறந்து 77 ஆண்டுகள் கழிந்திருந்தன. அதிகாரபீடத்துக்கு முன்னரே மேசை விளையாட்டு அந்த நீதியை ஓரளவு வழங்கியிருந்தது என்பதை நாம் மறைத்தல் நேர்மையன்று.

ஆனால் அந்த நீதி எங்கிருந்து பிறந்தது? பகடையிலிருந்தன்று. கறுப்பின மக்களின் பழைய செய்தித்தாள்களை ஏடு ஏடாகப் புரட்டி, ஆட்ட முடிவுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுத்து, பெயர்களைச் சரிபார்த்துத் தொகுத்த ஆய்வாளரின் பல்லாண்டு உழைப்பிலிருந்தே பிறந்தது. வெள்ளையரின் ஏடுகள் ஏறெடுத்துப் பாராத ஆட்டங்களைச் சிக்காகோவிலும் பிற்ஸ்பேர்க்கிலும் கறுப்பினத்தார் நடத்திய பத்திரிகைகள் பதிந்துவைத்திருந்தன. அப்பதிவுகள் இல்லாவிடின் கிப்சனுக்கு அட்டையுமில்லை, சராசரியுமில்லை. பதிவு இருந்தாலன்றிக் கற்பனையும் எழாது. இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து இதுவே. ‘இருந்திருக்கக்கூடிய வாழ்வு’ என்பது எல்லாருக்கும் கிடைப்பதன்று. இருந்த வாழ்வைப் பதிந்துவைத்திருந்தோருக்கே அதுவும் கிடைக்கிறது. வறியவன் நிகழ்காலத்தை மட்டுமன்றி, நடவாத காலத்தையும் இழக்கிறான்.

இந்த நோக்கோடு நம் நாட்டுக்குத் திரும்புவோம். இலங்கைத் தமிழரிடையே ‘அவர் மட்டும் அந்த வாய்ப்பைப் பெற்றிருந்தால்’ என்று நெடுங்காலமாகப் பேசப்படும் துடுப்பாட்டக்காரர் மகாதேவ சதாசிவம். 1947இல் சென்னை சேப்பாக்கத்திலே தென்னிந்திய அணிக்கெதிராக அவர் 215 ஓட்டங்கள் பெற்றார். 1948இல் கொழும்பில் தரித்துச் சென்ற பிரட்மனின் அவுஸ்திரேலிய அணிக்கு எதிராக இலங்கைக்குத் தலைமை தாங்கினார். இலங்கை, சிங்கப்பூர், மலாயா ஆகிய மூன்று நாட்டு அணிகளுக்கும் தலைவராயிருந்தவர் என்ற பெருமையும் அவருக்குண்டு. ஆனால் இலங்கை தனது முதலாவது ரெஸ்ற் போட்டியை ஆடியது 1982இல். சதாசிவம் மறைந்தது 1977இல். ரெஸ்ற் ஆட்டக்காரரின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. கணினியிலே அவருக்கு ஐம்பது ரெஸ்ற் போட்டிகள் வழங்க விரும்பும் இளைஞனின் ஆசையை நாம் விளங்கிக்கொள்கின்றோம். குடியேற்ற ஆட்சி வகுத்த ஏணியிலே ஒரு சிறு நாட்டின் ஆட்டக்காரன் இறுதிப்படிக்கு ஏறமுடியாது போயிற்று. இது தற்செயலன்று, கிரிக்கெற் உலகின் அதிகாரம் எவர் கையில் இருந்தது என்பதன் விளைவு.

ஆயினும் சதாசிவம் கொழும்பின் பெரிய கல்லூரியொன்றிலே கற்றவர். தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம் அவருக்குத் திறந்திருந்தது. அவர் இழந்தது ஏணியின் கடைசிப் படியை. ஏணியின் முதற்படியிலேயே மறிக்கப்பட்டவரின் கதை வேறு. அதனை அறியப் பல்வங்கர் பாலுவை நோக்குதல் வேண்டும். ‘தீண்டத்தகாதோர்’ எனப்பட்ட சமூகத்திலே தார்வாரில் பிறந்த பாலு, புனே நகரில் வெள்ளையர் கழகத்தின் மைதானப் பணியாளாக இருந்து, அவர்களது பயிற்சிக்குப் பந்துவீசியே பந்துவீச்சைக் கற்றார். இந்துக்களின் அணிக்கு அவர் தேவைப்பட்டார்; எனவே சேர்த்துக்கொண்டனர். மைதானத்திலே அவர் தொட்ட பந்தை உயர்சாதியாரும் தொட்டனர். தேநீர் வேளையிலோ அவருக்கு வெளியே மண்கோப்பையில் தேநீர் கொடுக்கப்பட்டது. 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் அவர் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெற்றுகளை வீழ்த்தினார். 33 முதல்தரப் போட்டிகளில் 179 விக்கெற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 15.21 ஓட்டங்கள் என்பது அவரது கணக்கு. இருந்தும் அணித்தலைமை அவருக்கு என்றுமே கிட்டவில்லை. 1923இல் அவரது தம்பி விட்டல் இந்துக்கள் அணியின் தலைவரானபோதுதான் அந்த மதில் பிளந்தது. பாலுவின் மாற்று வாழ்வை ஆடிப்பார்க்க விரும்புவோன் எதனை மாற்றவேண்டும்? அவரது பந்துவீச்சில் மாற்றுதற்கு ஒன்றுமில்லை. மாற்றவேண்டியது அந்த மண்கோப்பையை.

பாலுவுக்காவது ஒரு கணக்கு உண்டு. எமது யாழ்ப்பாணத்திலே கணக்கே இல்லாதவர் எத்தனை பேர்? வடபுலத்துப் பெரும்போர் எனப் போற்றப்படும் மத்திய கல்லூரி, பரியோவான் கல்லூரி ஆட்டம் 1904 முதல் நடந்துவருகிறது. அதன் ஓட்டப் பதிவுகளைப் பெருமையோடு புரட்டுகின்றோம். ஆனால் அந்நாளிலே அத்தகைய கல்லூரிகளின் வகுப்பறையில் எவர் இருக்க முடிந்தது? வாங்கிலே சமமாக இருப்பதற்கே போராட வேண்டியிருந்த காலம் அது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிலே சம ஆசனம் வழங்கப்படுவதைப் பொறுக்காது, பாடசாலைகள் சில எரியூட்டப்பட்ட வரலாறு எமது குடாநாட்டுக்கு உண்டு. நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளையின் கையிலே துடுப்பை யார் கொடுத்திருப்பர்? பனை ஏறிய கால்களிலும் கள்முட்டி சுமந்த தோள்களிலும் எத்தனை பந்துவீச்சாளர் இருந்தனரென்று எந்தப் பதிவேடு கூறும்? மாணவிகளைப் பற்றியோ கேட்கவே வேண்டியதில்லை. இவர்களுக்கு அட்டை அச்சிட எந்தக் கணினியாலும் இயலாது. பூச்சியத்தால் பெருக்கினால் எதுவும் பூச்சியமே.

இருந்த பதிவுகளும் நிலைக்கவில்லை. 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் அழிந்தன. அதே நாள்களில் ஈழநாடு நாளிதழின் அலுவலகமும் தீக்கு இரையாயிற்று. நூல்களும் ஏடுகளும் எரிந்தமைக்காக நாம் அழுதோம்; செய்தித்தாள்களின் கடைசிப் பக்கங்களிலே அச்சாகியிருந்த கிராமத்து ஆட்டங்களின் முடிவுகளும் அவற்றோடு எரிந்தன என்பதை எண்ணிப் பார்த்தோமில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து நடந்தபோது, எமது கொக்குவிலும் அந்நடையில் இருந்தது. கையில் எடுத்துச் சென்றவை உயிரும் சில உடுபுடவைகளுமே. அமெரிக்க ஆய்வாளர் செய்ததை நாம் செய்யப் புகுந்தால், புரட்டுவதற்கு ஏடுகளே அரிது. 2020இல் லங்கா பிரிமியர் லீக்கிலே யாழ்ப்பாண அணிக்காக விஜயகாந்த் வியாஸ்காந்த் பந்துவீசியதைக் கண்டு ஊரே மகிழ்ந்தது. அம்மகிழ்ச்சியின் அடியிலே ஒரு கேள்வியும் இருந்தது. அவருக்கு முன், போர் நடந்த இருபத்தாறு ஆண்டுகளிலே பந்தெறிய வேண்டிய கைகளெல்லாம் எங்கே போயின?

இங்கே நண்பர் சிலர் தடைநிகழ்த்துவர். ‘விளையாட்டை விளையாட்டாக விடுங்கள், சமுதாய ஆராய்ச்சியை அதன்மேல் ஏன் ஏற்றுகிறீர்கள்’ என்பர். இன்பத்துக்கு நாம் பகைவரல்லர். புத்தகக் கிரிக்கெற் ஆடும் மாணவனிடமிருந்து புத்தகத்தைப் பறிக்கும் ஆசிரியன், அவன் மனத்தில் நடக்கும் ஆட்டத்தைப் பறிக்க முடியாது, பறிக்கவும் கூடாது. பிரட்மனுக்கு முரளிதரனைப் பந்துவீச வைக்கும் கற்பனை, கால தேசங்களின் வேலியைத் தாண்டும் கற்பனை. நாம் வேண்டுவது அக்கற்பனை இன்னும் ஓரடி முன்னே செல்லவேண்டும் என்பதே. ‘இவர் ஆடியிருந்தால் எத்தனை பெற்றிருப்பார்’ என்னும் வினா சுவையானது. ‘இவரை ஆடவிடாதவர் யார்’ என்னும் வினா கசப்பானது. முன்னையதை மட்டும் கேட்டுக்கொண்டிருப்போன் வரலாற்றுக்கு ஆறுதல் கூறுகிறான். பின்னையதையும் கேட்போனே அதனோடு வழக்காடுகிறான்.

1966இல் பேஸ்போல் பெருமைமன்றத்தில் சேர்க்கப்பட்ட நாளிலே, ரெட் வில்லியம்ஸ் தாம் போரில் இழந்த ஐந்து ஆண்டுகளைப் பற்றி முறையிடவில்லை. அம்மேடையில் நின்று, வாய்ப்பளிக்கப்படாத காரணத்தாலேயே அங்கு இல்லாத பேய்ஜும் கிப்சனும் ஒருநாள் அம்மன்றத்தில் இடம்பெற வேண்டும் என்றார். பேய்ஜ் 1971இலும் கிப்சன் 1972இலும் சேர்க்கப்பட்டனர். தம் இழப்பிலிருந்து பிறரது இழப்பைக் கண்டுகொண்ட பார்வை அது. கற்பனையின் மெய்யான பயன் இதுவேயாம்.

எமது ஆசிரிய நண்பர்க்கும் மாணவர்க்கும் நாம் கூறவிரும்புவது எளியது. ஒவ்வொரு கிராமத்திலும் எழுபது, எண்பது வயதைக் கடந்தோர் இன்னும் இருக்கின்றனர். வாசிகசாலைக் கழகங்களிலே பந்தடித்தோர், தோட்டவெளியில் ஆடியதோடு நின்றுபோனோர், உள்ளே விடப்படாமல் வேலிக்கு வெளியே நின்று பார்த்தோர், விட்டமைக்கும் விடாமைக்கும் காரணம் அறிந்தோர் அவர்களிடையே உளர். ஓர் அப்பியாசக் கொப்பியோடு மாணவரை அவர்களிடம் அனுப்புவோம். என்ன ஆடினார்கள், யாரோடு ஆடினார்கள், யாரைச் சேர்க்கவில்லை, ஏன் சேர்க்கவில்லை என்பவற்றைக் கேட்டு, ஊரும் ஆண்டும் குறித்து எழுதச் செய்வோம். அக்கொப்பிகள் பாடசாலை நூலகத்திலே இருக்கட்டும். அவற்றைக் கொண்டு நாளைக்கு எவனாவது பகடை உருட்டி விளையாடினாலும் நன்று. உருட்டுவதற்கு முன்னே அந்தப் பெயர்கள் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.